பித்தநாளத்தைத் திறந்து கல் எடுத்தபின் நேரடித் தையலா, டி-ட்யூபா?

பிஜி_சர்ஜரி
58 வயதுப் பெண். பொதுப் பித்தநாளம் 14 மி.மீ. விரிந்திருக்கிறது, உள்ளே மூன்று கல், பெரியது 12 மி.மீ. இ.ஆர்.சி.பி.யில் (வாய்வழி எண்டோஸ்கோப் விட்டுப் பித்தநாளத்தை அணுகும் முறை) கல் வரவில்லை. 7 பிரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு) பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, பிலிரூபின் (ரத்தத்தில் பித்த நிறமி) இறங்கிவிட்டது. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும்போதே நாளத்தையும் திறந்து கல்லை எடுப்பதாகத் திட்டம். டி-ட்யூப் (பித்தத்தை வெளியே வடிக்கும் T வடிவக் குழாய்) வைக்காமல் நேரே தைத்துவிடலாமா? எந்த நூல், எவ்வளவு இடைவெளி? இருக்கிற ஸ்டென்ட்டை என்ன செய்வது?

லேப்_தையல்
இந்தக் கேஸில் நேரே தைக்கலாம். 2013 காக்ரேன் ஆய்வில் (பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வு) டி-ட்யூபால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. ஆபரேஷன் நேரமும் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களும்தான் கூடின. ஆனால் நாளம் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது, சுவரில் கடும் அழற்சி இருக்கக் கூடாது, கீழ்முனை திறந்திருப்பதைக் கோலிடோகோஸ்கோப்பில் (நாளத்துக்குள் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்) கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில் சமரசமே கூடாது. கீழே ஒரு கல் தங்கிவிட்டால் மேலே அழுத்தம் ஏறும், எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் கசியும்.

நல்ல தையலுக்கு அடிப்படை நல்ல திறப்பு. டியோடினத்துக்கு (சிறுகுடலின் தொடக்கம்) மேலே, முன்சுவரில், நெடுக்காக வெட்டுங்கள். பெரிய கல்லின் அளவு போதும், இங்கே ஒன்றேகால் செ.மீ. கத்தி அல்லது கத்தரிதான். டயதெர்மி (மின்சாரத்தால் சுட்டு வெட்டும் கருவி) வேண்டாம், விளிம்பு கருகினால் தையல் பிடிக்காது, பின்னால் சுருக்கம் வரும். நாளத்தின் ரத்தக்குழாய்கள் 3 மணி, 9 மணி நிலையில் ஓடுகின்றன. பக்கவாட்டில் உரித்துக்கொண்டே போகாதீர்கள். பித்தப்பையைக் கடைசிவரை பிரிக்க வேண்டாம், இழுத்துப் பிடிக்க அதுதான் கைப்பிடி.

நூல் 4-0 அல்லது 5-0, பி.டி.எஸ். அல்லது விக்ரில் (கரையும் நூல்கள்). சில்க், புரோலீன் கூடவே கூடாது: கரையாத நூல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதைச் சுற்றியே புதுக் கல் உருவாகும். விளிம்பிலிருந்து 1 முதல் 2 மி.மீ., தையலுக்குத் தையல் 2 முதல் 3 மி.மீ. முதல் தையலை வெட்டின் மூலைக்குச் சற்று அப்பால் போடுங்கள். மூலைகளில்தான் பெரும்பாலும் கசிகிறது. தனித்தனித் தையலோ தொடர் தையலோ கை பழகியது எதுவோ அது. இறுக்கி இழுத்தால் சுவர் அறுந்துவிடும். முடித்ததும் வெள்ளை காஸை ஒரு நிமிடம் வைத்து அழுத்தி எடுங்கள். மஞ்சள் கறை இருந்தால் அந்த இடத்தில் இன்னொரு தையல்.

ஸ்டென்ட் ஸ்கோப்பை மறைக்கும், அதோடு கல் துண்டும் ஒட்டியிருக்கும். எடுத்துவிட்டுத்தான் உள்ளே பாருங்கள். ஆம்புல்லா (நாளம் குடலில் திறக்கும் இடம்) வீங்கியிருந்தால் மட்டும் கைடுவயர் மேல் புதிதாக 7 பிரெஞ்ச் ஒன்றை மேலிருந்து இறக்கி, கீழ்முனை டியோடினத்துக்குள் போயிருப்பதை உறுதி செய்துவிட்டு மூடுங்கள். 4 முதல் 6 வாரத்தில் எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதியை எழுதாமல் அனுப்பக் கூடாது. மறந்துபோன ஸ்டென்ட் அடைத்து, கொலாஞ்சைட்டிஸோடு (பித்தநாளத் தொற்று) திரும்பி வருவார்கள்.

ஓபன்_யூனிட்
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் டி-ட்யூபை மூட்டை கட்டிவிட வேண்டாம். கோலிடோகோஸ்கோப் இல்லாத தியேட்டர், சீழ் பிடித்த நாளம், கல் மிச்சம் என்ற சந்தேகம், இந்த மூன்றிலும் அதுதான் பாதுகாப்பு. குறைந்தது 14 பிரெஞ்ச் வையுங்கள். கல் தங்கியிருந்தால் 5, 6 வாரம் கழித்து அந்தப் பாதை வழியாகவே பாஸ்கெட் (கல்லைப் பிடிக்கும் கம்பிக் கூடை) விட்டு எடுக்கலாம். மெல்லிய குழாய் என்றால் அந்த வசதி போச்சு.

லேடெக்ஸ் மட்டும்தான். சிலிக்கோன் திசுவை உறுத்தாது, அதனால் பாதை உருவாகாது, உருவியதும் பித்தம் வயிற்றுக்குள் கொட்டும். டி-ட்யூபின் இரண்டு கைகளையும் தலா ஒரு செ.மீ. அளவுக்குக் குறைத்து, பின்பக்கத்தை நீளவாக்கில் வெட்டிவிட்டால் உருவும்போது மடங்கிக்கொண்டு வரும். 7 முதல் 10ஆம் நாளில் கொலாஞ்சியோகிராம் (குழாய் வழியே சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே). சாயம் தடையில்லாமல் டியோடினத்துக்குப் போனால் 24 மணி நேரம் குழாயைக் கிளாம்ப் போட்டு மூடுங்கள். வலி, காய்ச்சல் வந்தால் உடனே திறந்துவிடுங்கள். லேப்ராஸ்கோப்பி என்றால் ஒட்டுதல் குறைவு, 3 வாரத்துக்கு முன் உருவாதீர்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இன்னும் தாமதம்.

பிஜி_சர்ஜரி
நன்றி சார். நேரே தைத்தபின் கசிவை எப்போது கசிவு என்று எடுத்துக்கொள்வது?

லேப்_தையல்
கல்லீரலுக்கு அடியில் டிரெயின் (வடிகுழாய்) கட்டாயம். 3ஆம் நாளோ அதற்குப் பிறகோ டிரெயின் திரவத்தின் பிலிரூபின் ரத்தத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் கசிவுதான். அளவு குறைந்துகொண்டே வந்து, வயிறு மிருதுவாக, காய்ச்சல் இல்லாமல் இருந்தால் டிரெயினை விட்டுவைத்துக் காத்திருங்கள், பெரும்பாலும் தானாக மூடும். குறையவில்லை என்றால் இ.ஆர்.சி.பி., ஸ்டென்ட். வயிறு இறுகி, நாடித்துடிப்பு ஏறி, டிரெயினில் எதுவும் வராவிட்டால் அதை நல்ல செய்தி என்று எண்ண வேண்டாம். குழாய் அடைத்திருக்கலாம், அன்றே ஸ்கேன் எடுங்கள்.