மறு: ‘உள்ளமைவு’ போதுமா? ‘இடப்பதம்’ என்று ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருள் ஓடுவதற்கு நாம் கொடுத்துவைக்கும் முகவரி, சாவி போன்ற மதிப்புகளைக் கான்ஃபிகரேஷன் என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் கேட்டதற்கு உள்ளமைவு, அமைவடிவம், தகவமைவு, சூழமைவு என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான்கும் நல்ல சொற்கள்தான். எந்தப் பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அதற்கு முன் ‘உற்பத்தி’யை முடித்துவிடுவோம். புரொடக்‌ஷன் சர்வரை, அதாவது வாடிக்கையாளர்கள் நிஜமாகவே பயன்படுத்தும் சர்வரை, ‘உற்பத்திச் சூழல்’ எனலாம் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சேலத்தில் அது எடுபடாது ஐயா. நாங்கள் மென்பொருள் எழுதித் தருவது சேகோ ஃபேக்டரிகளுக்கு. அங்கே ‘உற்பத்தி’ ஏற்கெனவே ஒரு திரையின் பெயர். இன்று எத்தனை டன் குச்சிக்கிழங்கு அரைத்தோம், எத்தனை மூட்டை ஜவ்வரிசி இறங்கியது என்று பதிகிற பக்கம். “இந்தத் திருத்தத்தை உற்பத்தியில் போடவும்” என்று ஒருமுறை குறிப்பு எழுதிவைத்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி நேராக அந்தத் திரையின் நிரலில் போய்க் கைவைத்துவிட்டான். அவன் மேல் தப்பே இல்லை. ‘புழக்கம்’ என்போமே. மக்கள் புழங்குகிற சர்வர் புழக்கம், வெளியிடுமுன் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சர்வர் ஒத்திகை, நிரல் எழுதும் டெவலப்மென்ட் சர்வர் பட்டறை. வெள்ளிக் கொலுசு செய்கிற ஊரில் பட்டறைக்கு விளக்கம் தேவையில்லை.

சரி, கான்ஃபிகரேஷனுக்கு வருகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கொலுசுக் கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்தோம். புழக்கத்திலிருந்த தரவுத்தளத்தை நகலெடுத்து ஒத்திகை சர்வரில் வைத்தோம். தரவுத்தள முகவரியைக் கவனமாக மாற்றியாயிற்று. எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் முகவரியும், கடவுச்சொல் போன்ற அதன் சாவியும் மட்டும் பழையபடியே இருந்தன. நான் உட்கார்ந்து “சோதனை 3: உங்கள் கொலுசு தயார்” என்று தட்டிக்கொண்டிருக்கிறேன், அது நிஜ வாடிக்கையாளர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மறுநாள் ஓமலூரிலிருந்து ஒரு பாட்டி ரசீதோடு பஸ் ஏறி வந்துவிட்டார். கொலுசுக்கு இன்னும் மெருகே போடவில்லை. கைபேசியை நீட்டி, “இதென்ன கண்ணு மூணாவது சோதனை? எனக்கு இருக்கிற ரெண்டு பத்தாதா?” என்றார்.

அன்று நிரலில் ஒரு பிழையும் இல்லை. இடம் மாறியபோது கூடவே மாறியிருக்க வேண்டிய ஒன்று மாறவில்லை, அவ்வளவுதான். அந்த ‘ஒன்று’க்குத்தான் சொல் வேண்டும்.

2011 வாக்கில், மென்பொருள்களை இணையத்தில் ஏற்றி ஓட்டித் தரும் ஹீரோக்கு நிறுவனத்தார் வெளியிட்ட ‘ட்வெல்வ் ஃபேக்டர் ஆப்’ நெறிகள் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போடுகின்றன. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் இடையே மாறக்கூடியதுதான் கான்ஃபிக் (கான்ஃபிகரேஷனின் சுருக்கம்): தரவுத்தள முகவரி, வெளிச்சேவைகளின் சாவி, சர்வரின் பெயர் போன்றவை. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது போல எங்கே போனாலும் மாறாதவை நிரலோடு சேர்ந்தவை. அதற்கு ஒரு சோதனையும் உண்டு: உங்கள் நிரலை இந்த நிமிடமே ஊரறிய வெளியிட்டால் எந்தச் சாவியாவது வெளியே போகுமா? போகும் என்றால் இரண்டையும் இன்னும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். ‘உள்ளமைவு’ என்ற சொல் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. போதாததற்கு ‘உள்’ வேறு. இவற்றை நிரலுக்கு வெளியே வை என்பதுதானே பாடம்!

என் அத்தை வீடு ஏற்காட்டில். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரமாகும். சேலத்தில் ராத்திரி அரைத்த மாவு காலையில் பொங்கி வழியும். மார்கழியில் அத்தை வீட்டு மாவு மதியம் ஆனாலும் அசையாது. அதற்காக அத்தை தோசைக்கு இரண்டு செய்முறை வைத்திருக்கவில்லை. செய்முறை ஒன்றுதான். பதம் இடத்துக்கு இடம் வேறு.

ஆகவே ‘இடப்பதம்’.

> பதம் என்றால் சொல் என்றும் பொருள் உண்டே, குழப்பாதா?

தனியாக நின்றால் குழப்பும். அதனால்தான் முன்னால் ‘இடம்’. இடப்பதக் கோப்பு, ஒத்திகையின் இடப்பதம், “இடப்பதம் மாத்தியாச்சா?” என்று வாயில் உருட்டிப் பாருங்கள். “சூழல்சார் உள்ளமைவை மாற்றிவிட்டீர்களா?” என்று எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்கப்போவதில்லை.

> ‘சூழமைவு’ இதைவிடச் சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் கான்டெக்ஸ்ட், அதாவது பின்னணி, என்ற பொருளில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. ‘அமைப்புகள்’ என்பதையும் கைபேசி எடுத்துக்கொண்டது. அது பயனர் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வது. இடப்பதத்தில் பயனருக்கு வேலையில்லை.

கடவுச்சொல், சாவி வகையறாவையும் இடப்பதம் என்றே சொல்லலாமா என்றால், இடப்பதம்தான், ஆனால் கமுக்கமானது. அத்தை மசாலாப் பொடியின் அளவை யாருக்கும் சொல்லமாட்டார். இவற்றைக் ‘கமுக்கம்’ என்று தனியே குறித்தால் கோப்பில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிடும் ஆபத்து குறையும்.

ஒரு மதிப்பின் மேல் இன்னொன்று வந்து அதன் இடத்தில் நிற்கிற ஓவர்ரைடுக்குத்தான் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் மென்பொருள் தளத்தில் பொதுக்கோப்பு முதலில், அதன்மேல் அந்தந்த இடத்தின் கோப்பு, அதன்மேல் சூழல் மாறி (அந்தக் கணினியில் குறித்துவைத்த மதிப்பு), கடைசியில் நிரலை ஓட்டும்போது கட்டளை வரியில் தருவது. ஒரே பெயருக்குக் கடைசியாக வந்த மதிப்பே நிற்கும். ‘மேலெழுதல்’ என்றால் பழையது அழிந்துபோன மாதிரி கேட்கிறது. அது அழிவதில்லை, அடியில் அப்படியே இருக்கிறது. மேலே ஓர் இழை வந்தாலும் அடியிழை அழியாத தறி வேலை தெரிந்தவர்கள் யாராவது ஒரு சொல் தந்தால் நல்லது.

திங்கட்கிழமை எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் ‘இடப்பதம்’ என்றே போடப்போகிறேன். தம்பி இந்தமுறை எங்கே போய்க் கைவைக்கிறான் என்று பார்த்து எழுதுகிறேன்.