குறொஸ் சைக்கிள் ரெண்டு வேணுமா, வீல் ரெண்டு சோடி காணுமா?

குழு: லண்டன் குடும்பம், சைக்கிள் கதை

*ரூட்டிங் தம்பி:* அண்ணை, அத்தான், ஒரு யோசனை கேக்கிறன். வேலைக்கும் ஞாயிறு றோட்டு ஓட்டத்துக்கும் ஒரே சைக்ளோகுறொஸ் (சேத்திலயும் ஓடுற ரேஸ் சைக்கிள்) தான் இருக்கு. டிஸ்க் பிறேக், 11 ஸ்பீட் (பின்னுக்கு 11 கியர்), 12 மி.மீ. அச்சு. பக்கத்தில இன்னொரு குறொஸ் எடுக்கிறதா, இல்லாட்டி இன்னொரு சோடி வீல் காணுமா?

*ஈஸ்ட்ஹாம் அத்தான்:* வீல் காணும் தம்பி. ஒரு சோடியில 28 மி.மீ. சிலிக் (வழுவழு றோட்டு ரயர்), மற்றதில 33 மி.மீ. சேத்து ரயர். ரெண்டிலயும் கசெற்றும் (பின் பல்லுச் சக்கரக் கட்டு) றோட்டரும் (டிஸ்க் பிறேக் தட்டு) பூட்டியே வைச்சீரெண்டா மாத்த 5 நிமிசம்.

*ஹரோ அண்ணை:* வீலுக்குத்தான் 5 நிமிசம் மச்சான். மட்காட்டை மறந்திட்டீங்கள்.

*ஹரோ அண்ணை:* முழு மட்காட் பூட்ட ஒரு மணித்தியாலம் போகும். மட்காட்டைத் தாங்கிற ஸ்டே கம்பியளை நேராக்கி, ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில சுத்திவர 8 மி.மீ. ஆவது விட்டு, சுத்திப் பாத்து, உரசினா திரும்ப இளக்க வேணும். டிஸ்க் கலிப்பர் (றோட்டரைப் பிடிக்கிற பகுதி) ஸ்டேக்குக் குறுக்க நிண்டா நீட்டு எம்5 போல்ட்டும் 10, 15 மி.மீ. ஸ்பேசரும் தேவை. கிழமைக்கு ஒருக்கா இதைக் கழட்டிப் பூட்ட ஒருத்தராலும் ஏலாது. ஐப்பசியில இருந்து பங்குனி வரைக்கும் இங்க மட்காட் இல்லாம ஓடவும் ஏலாது. ரெண்டாவது சைக்கிளுக்குச் சரியான காரணம் இது ஒண்டு தான். ரயருக்காக வாங்கிறது காசுக்குக் கேடு.

*ரூட்டிங் தம்பி:* அப்ப ஒண்டில மட்காட், லைற், கரியர் எல்லாம் நிரந்தரம். மற்றது வெறும் சைக்கிள்?

*ஹரோ அண்ணை:* அதே தான்.

*ஈஸ்ட்ஹாம் அத்தான்:* அந்தக் கணக்குச் சரி. வீல் மாத்திறதில இன்னொரு பிரச்சினையும் இருக்கு, நானே சொல்லிறன். செயின் ஒண்டு, கசெற் ரெண்டு. செயின் கூடுதலா ஓடுற கசெற்றோட சேந்து தேயும். பிறகு அந்தச் செயினைப் புதுக் கசெற்றில போட்டா அதின்ர பல்லையும் தின்னும். புதுச் செயின் மாத்தினா பழைய கசெற்றில தாவும். 11 ஸ்பீட் செயின் 0.5% நீண்டவுடன மாத்தினாத்தான் ரெண்டும் தப்பும்.

*ஈஸ்ட்ஹாம் அத்தான்:* றோட்டரும் அப்பிடி. ரெண்டு ஹப்பில (வீலின்ர நடுப் பகுதி) ரெண்டு இடத்தில நிக்கும், வீல் மாத்தினவுடன பிறேக் உரசும். 6 போல்ட் றோட்டர் எண்டா ஹப்புக்கும் றோட்டருக்கும் இடையில 0.2 மி.மீ. மெல்லிய வளையம் போட்டு ஒரே இடத்துக்குக் கொண்டரலாம்.

*ரூட்டிங் தம்பி:* மற்றதுக்கு ஏன் குறொஸ்? றோட்டு சைக்கிள் எடுத்தா என்ன?

*ஹரோ அண்ணை:* பழைய றோட்டு ஃபிறேமுகள் கனக்க 25, 28 மி.மீ. ரயருக்கு மேல இடம் குடுக்காது. எங்கட றோட்டுக் குழியளுக்கு 32 வேணும். முக்கியமா, ரெண்டும் ஒரே குடும்பம் எண்டா பாட்ஸ் ஒண்டு. ஒரே அச்சு, ஒரே ஸ்பீட், ஒரே பிறேக். ஒண்டின்ர வீல் நெளிஞ்சா மற்றதின்ர வீலைப் போட்டுக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்.

*ஈஸ்ட்ஹாம் அக்கா:* கியர் காணாது எண்டு சொல்லிறவை இருக்கினம். முன்னுக்கு 46/36 பல்லுச் செயின்ரிங் தானே குறொஸுக்கு வழக்கமா வந்தது.

*ஈஸ்ட்ஹாம் அத்தான்:* கணக்குப் போட்டுப் பாருங்கோ. 46 முன் செயின்ரிங், 11 பின் பல்லு, 32 ரயர்: நிமிசத்துக்கு 90 சுத்துக்கு மணிக்கு 48 கி.மீ. 40 தனிச் செயின்ரிங் எண்டாலும் 42 கி.மீ. இறக்கத்தில மிரிக்காம விட்டாலே அது வந்திடும். 50 பல்லுச் செயின்ரிங் தேவையில்லை.

*ஈஸ்ட்ஹாம் அக்கா:* தம்பி, வாங்கினா முதல் வேலை ரயர் மாத்திறது. சேத்து ரயரின்ர குமிழ் நனைஞ்ச தாரில வளையும், பிறேக் பிடிக்கேக்க றோட்டில தொடுற றப்பர் குறைவு, நடுக் குமிழும் கெதியாத் தேஞ்சிடும். 32 சிலிக், 75 கிலோ ஆளுக்குப் பின்னுக்கு 60 பி.எஸ்.ஐ., முன்னுக்கு 55. ஹூக் இல்லாத றிம் (உள் ஓரத்தில ரயரைப் பிடிக்கிற கொக்கி இல்லாதது) எண்டா 72க்கு மேல அடிக்கவே கூடாது.

*ஈஸ்ட்ஹாம் அக்கா:* மட்காட் போடுற சைக்கிளில வாங்க முதல் கால் பெருவிரல் முன் ரயரில முட்டுதோ எண்டு பார். பெடலைப் படுக்கையா வைச்சு ஹாண்டிலைத் திருப்பு. மட்காட் பூட்டினா இடைவெளி இன்னும் 1 செ.மீ. குறையும். மெதுவா யூ வளைவு எடுக்கேக்க அங்க தான் விழுத்தும்.

*ஹரோ அண்ணை:* முன் மட்காட்டில தானாக் கழருற கிளிப் கட்டாயம். தடி ஒண்டு ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில போனா கிளிப் விட வேணும். இல்லாட்டி வீல் பூட்டி ஆள் ஹாண்டிலுக்கு மேலால போவார்.

*ரூட்டிங் தம்பி:* பழசு எடுக்கலாமா? ஒரே மாதிரி ரெண்டு சைக்கிள் சோடியா விக்கினம்.

*ஹரோ அண்ணை:* ஓம், அது ரேஸ் ஓடுறவையின்ர. ரேஸில பிற் எண்ட ஒதுக்கிடத்தில சைக்கிள் மாத்த விடுவினம், ஒண்டு ஓடேக்க மற்றதைக் கழுவுவினம். சீசன் முடிய, மாசியில விலைக்கு வரும். பயம் அந்தக் கழுவலில தான். பிறெஷர் தண்ணி பெயறிங்குக்குள்ள கிறீஸைத் தள்ளிப்போடும். முன் பிறேக்கைப் பிடிச்சு முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டு, ஹெட்செற் (ஹாண்டில் திரும்புற இடத்துப் பெயறிங்) டக் டக் எண்டா மாத்த வேணும். செயினைக் கழட்டி விட்டு கிராங்கைச் சுத்து, கரகரத்தா பொட்டம் பிறக்கட் (கிராங்க் சுத்துற பெயறிங்) பழுது. ஃப்ரீஹப்பையும் (பின் ஹப்பில கசெற் ஏறுற பகுதி) கையால சுத்திக் கேள். பிறகு சீற்போஸ்ட் இழுபடுதோ பார். இறுகிப்போன போஸ்ட் இருந்தா அந்தச் சைக்கிளை விட்டிடு.

*ஹரோ அண்ணை:* மற்றது, தனி ரேஸ் ஃபிறேமில கனக்கத்துக்கு மட்காட் துளை இருக்காது. துளை இருக்கிறதை மழைச் சைக்கிளா வை, இல்லாததை மற்றதா வை. ஜெனிசிஸ் குறுவா டி ஃபேர் மாதிரி இரும்பு ஃபிறேமில துளையும் டிஸ்கும் சேந்து வரும்.

*ஈஸ்ட்ஹாம் அத்தான்:* கான்ரிலீவர் பிறேக் (றிம்மைப் பிடிக்கிற பழைய வகை) உள்ள பழசு மலிவாக் கிடக்கும். முன் ஃபோர்க் நடுங்கும் அதில. கேபிள் மேல ஹெட்செற்றில பிடிச்சிருக்கிறதால ஃபோர்க் வளைய வளைய பிறேக் தானா இறுகித் தளரும். ஃபோர்க் தலையில கேபிளைப் பிடிக்கிற ஹாங்கர் போட்டாக் குறையும், கை நீளம் 80 - 85 மி.மீ. உள்ள குட்டி வி பிறேக் (இதுவும் றிம்மைப் பிடிக்கிறது) போட்டா இன்னும் நல்லது. சாதாரண நீட்டு வி பிறேக் வேண்டாம். றோட்டு லீவர் அவ்வளவு கேபிள் இழுக்காது, லீவர் ஹாண்டிலில முட்டும். எப்பிடியும் மாரியில மண் றிம்மைத் தின்னும். டிஸ்கே எடும்.

*ஈஸ்ட்ஹாம் அக்கா:* டிஸ்க் பிறேக்குக்குப் பட்ஸ் மெற்றல் போடு, மழையில றெசின் கெதியா முடியும். றோட்டரில “றெசின் மட்டும்” எண்டு அடிச்சிருந்தா மெற்றல் போடாத. சிமானோவில பட் 0.5 மி.மீ., றோட்டர் 1.5 மி.மீ. வந்தா மாத்து.

*ஹரோ அண்ணை:* ரெண்டு சைக்கிளுக்கும் ஒரே கொம்பனி பிறேக் பார். சிமானோவுக்கு மினரல் ஒயில், ஸ்ராம் றோட்டு பிறேக்குக்கு டொட் 5.1 எண்ட பிறேக் திரவம். மாறி ஊத்தினா உள்ளுக்கை றப்பர் ஊதிப் பழுதாகும். ஒரு அலமாரியில ரெண்டு போத்தல் இருந்தா ஒருநாள் கை மாறும்.

*ஹரோ அண்ணை:* அச்சையும் மாத்திப் போடாத. பாக்க ஒரே மாதிரி, புரி இடைவெளி 1.0, 1.5, 1.75 மி.மீ. எண்டு வித்தியாசம். தப்பானதை முறுக்கினா ஃபிறேம் புரி போயிடும். அச்சு ஃபிறேமோட இருக்கட்டும், வீல் மட்டும் மாறட்டும்.

*ரூட்டிங் தம்பி:* ரெண்டு சைக்கிளிலயும் ஏறி இருக்கிற இருப்பை எப்பிடி ஒரே மாதிரி வைக்கிறது?

*ஈஸ்ட்ஹாம் அத்தான்:* நிலத்தில இருந்து அளக்க வேண்டாம். குறொஸின்ர பொட்டம் பிறக்கட் சிலதில 1 செ.மீ. உயரம், அளவு பிழைக்கும். பொட்டம் பிறக்கட் நடுவில இருந்து சீற் மேல் வரைக்கும், பிறகு நூல் தொங்கவிட்டு சீற் மூக்கு எவ்வளவு பின்னுக்கு, பிறகு மூக்கில இருந்து லீவர் வரைக்கும். கிராங்க் நீளம், சீற், பெடல் மூண்டும் ஒண்டா இருக்க வேணும். பெடல் எஸ்.பி.டி. (சப்பாத்தோட கொழுவிற வகை) எடும், நடக்கவும் வசதி.

*ஈஸ்ட்ஹாம் அக்கா:* உப்புப் போட்ட றோட்டில ஓடி வந்தா அண்டைக்கே வாளித் தண்ணி ஊத்து. செயினைத் துடைச்சு ஒயில் விடு. நிப்பாட்டி வைக்கிற சைக்கிள் ரியூப்லெஸ் (ரியூப் இல்லாத ரயர்) எண்டா 2 மாசத்துக்கு ஒருக்கா உள்ளுக்கை ஓட்டை அடைக்கிற சீலன்ற் காஞ்சிட்டுதோ பார். ஒரு ரயருக்கு 40 - 60 மில்லி.

*ரூட்டிங் தம்பி:* ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். மட்காட் துளை இருக்கு, டிஸ்க், 11 ஸ்பீட். பின் அச்சு 135 மி.மீ. அகலம், குவிக் றிலீஸ் (லீவரால கழட்டுற மெல்லிய அச்சு) எண்டு போட்டிருக்கினம்.

*ஹரோ அண்ணை:* விடு அதை. உன்ர வீல் அப்பிடியே அதில ஏறாது, அதின்ர வீலும் அப்பிடியே உன்னதில ஏறாது. அச்சு 12 மி.மீ. தடிப்பு, 142 மி.மீ. அகலம் உள்ளதைத் தேடு.

*ரூட்டிங் தம்பி:* சரி அண்ணை. சனிக்கிழமை விக்கிற ரெண்டு பேரோட கதைச்சிட்டுப் படம் போடுறன்.

*ஈஸ்ட்ஹாம் அக்கா:* பின் கலிப்பர் பக்கப் படமும் எடுப்பி. ஸ்டே போக இடமிருக்கோ எண்டு பாப்பம்.