நாய்க்காக அழுதவர்கள் பேசிக்கொள்கிறோம்

செங்கம்

எங்கள் சின்னி போன மாதம் இறந்துவிட்டாள். 14 வயது இருக்கும், செவலை நிறத்தில் நாட்டு நாய். இதை யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன். மனிதர் இறந்தால் ஊரே வந்து உட்காரும். பந்தல், சங்கு, பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம் என்று துக்கத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. நாய் இறந்தால் மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போக வேண்டும். நான் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் அதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. முதலில் தண்ணீர் அதிகமாகக் குடித்தாள், ராத்திரியில் இரண்டு மூன்று முறை வெளியே விடச் சொல்லிக் கதவைப் பிறாண்டினாள். வெயில் காலம்தானே என்று இருந்தோம். அப்புறம் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள், வாயில் ஒரு மாதிரி மருந்து நாற்றம். ரத்தம் எடுத்துப் பார்த்தால் க்ரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் சொன்னது இது: சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலை நின்ற பிறகுதான் ரத்தத்தில் அந்த அளவு ஏறித் தெரியும். "முன்பே கவனித்திருக்கலாமே" என்று தங்களையே வதைத்துக்கொள்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே தெரியும் வரை அந்த உடம்பு சமாளித்துக்கொண்டே இருக்கிறது.

கடைசி மாதங்களில் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர் மருந்தை ஏற்றினோம். தினமும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது அவளுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். அதனால் டாக்டரே எனக்கு வீட்டில் போடக் கற்றுக்கொடுத்தார். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தோள்பட்டைக்கு மேலே தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். மருந்து இறங்க இறங்க முதுகில் காளைத் திமில் போல ஒரு புடைப்பு எழும்பும். அவள் எழுந்து நடந்தால் அந்தப் புடைப்பு மெல்லச் சரிந்து முன்னங்கால் பக்கம் இறங்கிவிடும். சில மணி நேரத்தில் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்து அம்மா பயந்து கத்திவிட்டார். அப்புறம் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து, "அவ்வளவுதான்டி, முடிஞ்சிடுச்சு, அவ்வளவுதான்டி" என்று பாட்டில் காலியாகும் வரை பேசிக்கொண்டே இருப்பார். குட்டியாக வந்தபோது "வாசப்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது" என்று சட்டம் போட்டவரும் இதே அம்மாதான்.

டைல்ஸ் தரையில் அவளுக்குப் பின்னங்கால் வழுக்கியது. கூடம் முழுக்க கோணிச் சாக்கை விரித்து வைத்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அதைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை.

ஒரு மதியம் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. அப்பா கடைக்குப் போய்ப் புதுத் துண்டு வாங்கி வந்து போர்த்தினார். தென்னைக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் புதைத்தோம். தெரு நாய்கள் தோண்டாமல் இருக்க மேலே கருங்கல்லை அடுக்கி முள் வைத்தார் அப்பா.

அதற்குப் பிறகு வந்த பேச்சுகள்தான் என்னை அதிகம் உடைத்தன. "நாய்க்குப் போய் இப்படியா?", "வேற ஒரு குட்டி வாங்கிடுங்க, சரியாயிடும்." யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து வேலைக்குப் போகும் நாள் வரை என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஓர் உயிருக்கு, ஒரு வாரம்கூட அழ அனுமதி இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். படிக்க வேண்டும் போலிருக்கிறது.

*

ராஜபாளையம்

அக்கா, எங்கள் வீட்டில் இருந்தவன் வீரா. இந்த ஊர் நாய்தான். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது அப்பா அதை வாங்கி வந்து பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்தவர். அவ்வளவு பிரியம்.

வீராவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்த இனத்தில் இது புதிதில்லை. வெள்ளை நிறத்துக்குக் காரணமான அதே நிறமிக் குறைவு சில குட்டிகளுக்கு உள்காதையும் கெடுத்துவிடும். கொடுத்தவர், வேறு குட்டி மாற்றித் தருகிறேன் என்றார். அப்பா சம்மதிக்கவில்லை. அவன் படுக்கும் மரப்பெஞ்சில் அப்பா விரலால் தட்டுவார், அதிர்வு தெரிந்து தலையைத் தூக்குவான். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காருவான், மார்பில் தட்டினால் ஓடி வருவான். கடைசி ஒன்றரை வருஷம் கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. அதன் பிறகு அப்பா வெளியூர் போகும்போது தான் உடுத்திய வேட்டியைத் துவைக்காமல் அந்தப் பெஞ்சில் போட்டுவிட்டுப் போவார். அதில் மூக்கை வைத்துக்கொண்டு கிடப்பான்.

அவன் இறந்த அன்று அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கடையைத் திறந்தார், கணக்குப் பார்த்தார், எல்லாம் வழக்கம் போலத்தான். சவரம் மட்டும் செய்யவில்லை. தாடி வளர்ந்துகொண்டே இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் வேண்டுதலா என்று கேட்டதற்குத் தலையாட்டிவிட்டார். பதினாறாம் நாள் காலையில் சலூனுக்குப் போய் மழித்துக்கொண்டு, குளித்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. யாரிடமும் கேட்காமல் அவராகவே துக்கம் காத்திருக்கிறார்.

வேறு குட்டி வாங்கச் சொல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாங்கலாம், தப்பில்லை, நாங்களும் பிறகு வாங்கினோம். ஆனால் அது ஆறு மாதம் கழித்தா, ஆறு வருஷம் கழித்தா என்பதை அந்த வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

*

சென்னை

எங்களுடையது லாப்ரடார், புரூனோ. 11 வயதில் மண்ணீரலில் கட்டி. அது வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. ஈறு வெளுத்துப் போய் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆபரேஷன் செய்தாலும் சில மாதங்கள்தான், அதுவும் நிச்சயமில்லை என்றார்கள். கருணைக்கொலை செய்ய முடிவெடுத்தோம். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் குறைவு. அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். நாளை யாருக்காவது தேவைப்படும்.

முதலில் மயக்க ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் ஆழ்ந்து தூங்கிவிட்டான், குறட்டைகூட விட்டான். பிறகு முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, நரம்பில் குழாய் போட்டு, அதன் வழியாக இரண்டாவது மருந்து. அது மிக அதிக அளவில் கொடுக்கும் மயக்க மருந்து. மூளை அடங்கி, மூச்சு நின்று, அதற்குப் பின் இதயம் நிற்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அவ்வளவுதான். டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: கண் மூடாது, திறந்தே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகும் ஒருமுறை மூச்சு இழுப்பது போல இருக்கலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். அது வலி இல்லை, உயிரும் இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கடைசித் துடிப்பைப் பார்த்து நான் ஆயுசுக்கும் அலறியிருப்பேன். உங்கள் டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று அவனிடம் சொல்லிவிடலாம் என்றார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. புரூனோவுக்குச் சரியாகாத நோய், இன்றைக்கு இறந்துவிடுவான், வலி இல்லாமல் இருக்க டாக்டர் உதவுகிறார் என்று உள்ளதைச் சொன்னோம். அவன் நிறைய அழுதான், நிறைய கேட்டான். அறைக்குள் வர வேண்டாம் என்று அவனே முடிவு செய்தான், வெளியே தாத்தாவோடு உட்கார்ந்திருந்தான். இன்றைக்கு அவன் புரூனோவைப் பற்றி எந்தத் தயக்கமும் இல்லாமல் பேசுகிறான். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். நாம்தான் அவர்களைக் குறைத்து மதிப்பிடுகிறோம்.

அபார்ட்மெண்ட் என்பதால் புதைக்க இடம் இல்லை, தகனத்துக்குத்தான் கொடுத்தோம். சொந்த இடத்தில் புதைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். இந்த மருந்து உடம்பிலேயே தங்கும். மேலோட்டமாகப் புதைத்து, வேறு நாயோ நரியோ தோண்டித் தின்றால் அதுவும் சாகலாம். ஆழமாகத் தோண்டுங்கள்.

*

திருச்சி

வணக்கம்ங்க. எனக்குச் சொந்த நாய் கிடையாது. எங்க ஆட்டோ ஸ்டாண்டில் ஒண்ணு இருந்தது, சுந்தரி. கருத்தடை செஞ்சு காதில் வெட்டுக் குறி போட்ட நாய். எங்க எல்லாருக்கும் பொது. ராத்திரி கடைசி டிரெயினுக்கு சவாரி எடுக்கப் போகும்போது மெயின் ரோடு வரைக்கும் கூடவே வந்துட்டுத் திரும்பும். வயசாகி வேப்பமரத்தடியிலேயே செத்துப் போச்சு. நாங்க காசு போட்டு போட்டோவோட கண்ணீர் அஞ்சலி பேனர் வச்சோம். கீழே "ஆட்டோ ஓட்டுநர்கள்"னு போட்டோம். சில பேர் போட்டோ எடுத்துக் கேலியா அனுப்பினாங்க. ஆனா அந்தப் பக்கம் பூ விக்கிற அம்மா தினமும் ஒரு முழம் பூ கொண்டாந்து அந்த பேனரில் போட்டாங்க. காசு கேக்கல.

*

ஈரோடு

எங்கள் ஜிம்மிக்கு 13 வயது. போன வாரம்தான் சிறுநீரகப் பிரச்சினை என்று சொன்னார்கள். இதையெல்லாம் படிக்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் படிக்கிறேன். நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

*

செங்கம்

எல்லோருக்கும் நன்றி. வீராவின் அப்பா தாடி வளர்த்ததை எங்கள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சரியாத்தான் செஞ்சிருக்காரு" என்றார்.

திருச்சி அண்ணா, உங்கள் பேனரைக் கேலி செய்தவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல். அந்தக் கல்லில் வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் கோவிவன் என்று பேர். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்த நாய்க்காகத் தனியாக எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் "நாய்க்குப் போய் இப்படியா" என்று நினைக்கவில்லை. உளிகொண்டு அதன் பேரைக் கல்லில் பதித்தார்கள். நீங்கள் பேனரில் போட்டீர்கள். இரண்டும் ஒன்றுதான் அண்ணா.

ஈரோட்டு நண்பருக்கு: இன்னும் நேரம் இருக்கலாம். சிறுநீரக நோயில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைகளில் பிடிபட்டால் சரியான உணவோடு நல்ல காலம் ஓட்டும் நாய்கள் இருக்கின்றன. ஜிம்மி எந்த நிலையில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். உணவில் பாஸ்பரஸ் என்ற தாதுச் சத்தைக் குறைக்கச் சொல்வார்கள். முட்டை கொடுப்பதாக இருந்தால் வெள்ளைக்கரு மட்டும், எலும்பு வேண்டாம். குமட்டலுக்கு மாத்திரை இருக்கிறது, அதைக் கொடுத்தாலே சில நாய்கள் திரும்பச் சாப்பிடும். தண்ணீர் நிறையக் குடிக்கிறதே என்று மட்டும் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள், அந்தத் தண்ணீர் அதற்கு வேண்டும்.

எப்போது என்று தெரிந்துகொள்ள, நாங்கள் சமையலறை மாதக் காலண்டரில் குறித்து வந்தோம். தானாகச் சாப்பிட்டாளா, எழுந்து நடந்தாளா, படுத்த இடத்திலேயே நனைத்துக்கொண்டாளா, எங்களைப் பார்த்து வாலை ஆட்டினாளா. நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மனசு ஏமாற்றும், நேற்று ஒரு வாய் சாப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு தொங்கும். காலண்டர் அப்படி ஏமாற்றாது. பெருக்கல் குறிகள் அதிகமாகிக்கொண்டே போனால் டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக்கே வந்து அந்தக் கடைசி ஊசியைப் போடுவாரா, ராத்திரியில் நிலைமை மோசமானால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் போனைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டிலேயே ரிங்கர் லாக்டேட் போடச் சொன்னால் பயப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள். எவ்வளவு மில்லி என்பதை மட்டும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாயின் எடையையும் இதயத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒவ்வொரு முறையும் புது ஊசி போடுங்கள், பழைய ஊசி மழுங்கி வலிக்கும். போடும்போது தலைப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும், அசையாமல் இருப்பார்கள். சந்தேகம் வந்தால் எந்த நேரமானாலும் எனக்கு எழுதுங்கள்.