பொருள்: டிராஃப்டிங் — தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திங்கள், இரவு 9:40 — வ., கோவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கார் பந்தய வரலாறு பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழில் பின்னணிக் குரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். டிராஃப்டிங் என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். முன்னால் போகும் காரை உரசுகிற மாதிரி நெருங்கி ஓட்டினால் எதிர்காற்றை அந்தக் கார் வாங்கிக்கொள்ளும். பின்னால் வருகிறவருக்கு அதே எஞ்சினில் கூடுதல் வேகம் கிடைக்கும். படத்தில் 37 இடங்களில் வருகிறது. கணினியிடம் கொடுத்தால் "1960-இல் ஜூனியர் ஜான்சன் வரைவைக் கண்டுபிடித்தார்" என்கிறது. மூன்ஷைனுக்கு நிலவொளி என்று போட்டிருந்தது. அதைக் கள்ளச்சாராயம் என்று நானே திருத்திவிட்டேன். இதற்கு உதவுங்கள்.

திங்கள், இரவு 10:15 — பு., தஞ்சாவூர்

அம்மா, கணினியைத் திட்டாதீர்கள். அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம். வரைவு கடாதல் என்று துறையே இருக்கிறது. ஆக, அந்த ஜான்சன் 1960-இல் கல்யாணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்!

என் பரிந்துரை: காற்றொதுக்கம். உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும் என்பதால் புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. மழைக்கு ஒதுங்குகிறோம் அல்லவா, அதுபோலக் காற்றுக்கு ஒதுங்குவது. சங்க நூல்களில் ஒதுங்குதலுக்கு நடத்தல் என்ற பொருளும் உண்டு. மறையவும் செய்கிறது, நகரவும் செய்கிறது. இரண்டையும் ஒரே சொல் தருகிறது.

செவ்வாய், காலை 6:05 — இ., சார்லட், வட கரோலினா

நான் இருப்பது இந்தப் பந்தயக்காரர்களின் ஊர், அதனால் கொஞ்சம் பின்னணி. 1960-இல், புளோரிடாவில் நடக்கும் டேடோனா 500 பந்தயத்தில், ஜான்சனிடம் இருந்தது முந்தின வருஷத்துச் செவர்லே. பொன்டியாக் கார்களுக்கு முன்னால் அது எடுபடவில்லை. பயிற்சியின்போது காட்டன் ஓவன்ஸின் பொன்டியாக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பார்த்தார். தனியாக ஓடினால் பின்தங்குகிற கார், அங்கே மட்டும் ஈடுகொடுத்தது. பந்தயத்திலும் அதையே செய்தார். கடைசிச் சுற்றுகளில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த பாபி ஜான்ஸின் பொன்டியாக்கில் பின்பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போக, அந்தக் கார் சுழன்றுவிட்டது. ஜான்சன் வென்றார்.

இவர் பந்தயத்துக்கு முன்பே வில்க்ஸ் மாவட்டத்து மலைப்பாதைகளில் போலீசுக்குத் தப்பிச் சாராயம் கடத்தியவர். 1956-இல் அப்பாவின் சாராய அடுப்பருகே பிடிபட்டுச் சிறைக்குப் போனார். 1986-இல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். இங்கே, கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் புகழ்மண்டபத்தில் அவர் தன் கையால் அமைத்த வடிசாலை ஒன்று இருக்கிறது. செப்பு அண்டாவும் குழாயும் பார்க்க நம் ஊர்ச் சங்கதிதான். மகனை அழைத்துப் போனபோது அதை விட்டு நகர மாட்டேன் என்றான்.

சொல் எதுவானாலும் சரி. ஆனால் இங்கே ஓட்டுநர்கள் அதை நாள் முழுக்க வினையாகச் சொல்கிறார்கள். நம் சொல்லும் வினையாக வளைய வேண்டும்.

செவ்வாய், காலை 8:30 — செ., நாகர்கோவில்

நான் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் நடத்துகிறேன். அதற்கு முன் பள்ளிக்கூட வயதில் ஆரல்வாய்மொழி வழியாகச் சைக்கிள் மிதித்தவன். ஆடி மாதம் அந்தக் கணவாயில் எதிர்காற்று அடித்தால் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். மெதுவாகப் போகும் செங்கல் லாரி வந்தால் அதன் பின்கதவுக்கு ஒரு முழம் தள்ளி ஒண்டிக்கொள்வோம். சட்டென்று காது அடைத்த மாதிரி இரைச்சல் அடங்கும், மிதி லேசாகும், கண்ணில் செங்கல் தூசி விழும். அதை நாங்கள் "லாரி மறைவிலே போறது" என்போம். சொல் ஏற்கெனவே இருக்கிறது. மழை மறைவுப் பகுதி என்று புவியியல் பாடப் புத்தகத்திலும் படித்திருக்கிறோம். அதன்படி காற்றுமறைவு.

இதில் ஒரு குறையும் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். டிராஃப்டிங்கில் பின்வண்டிக்கு மட்டும் லாபம் இல்லை. ஓடும் காருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து அது காரைப் பின்னுக்கு இழுக்கும். இன்னொரு கார் நெருங்கி வந்தால் அந்த இழுப்பு தணியும். அதனால் முன்வண்டியும் வேகம் பெறும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக ஓடுவதைவிட வேகம். 2011 டேடோனாவில் இருவர் இருவராக ஒட்டிக்கொண்டு ஓடியது இதனால்தான். மறைவு என்ற சொல்லில் முன்வண்டிக்கு இடமே இல்லை.

செவ்வாய், பகல் 12:20 — பு., தஞ்சாவூர்

அப்படியானால் அந்தாதி! ஒன்றின் முடிவு மற்றதன் தொடக்கம். அந்தாதியோட்டம் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கிறது.

அது வேண்டாமென்றால் காலொதுக்கம். கால் என்றால் காற்று. கால் என்றால் சக்கரமும்கூட: "கடலோடா கால்வல் நெடுந்தேர்." காற்றையும் சக்கரத்தையும் ஓரெழுத்துக் கூட்டாமல் சொல்லிவிடலாம். கார் என்கிற ஆங்கிலச் சொல்லே இந்தக் காலிலிருந்து போனது என்பது என் நெடுநாளைய கருத்து. லகர ரகர மாற்றம் நமக்குப் புதிதா?

செவ்வாய், பகல் 1:05 — ந., சென்னை

ஐயா, கார் கெல்ட்டிய மொழியிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. அதை இன்னோர் இழையில் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். காலொதுக்கம் என்று வாசித்ததும் எனக்குப் பேருந்து நிலையக் கழிப்பறைதான் நினைவுக்கு வந்தது. வயலோரம் ஒதுங்குவதைத் தமிழர்கள் இன்னும் மறக்கவில்லை.

காற்றொதுக்கத்தையும் நான் எதிர்க்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. வ., உங்கள் படத்தில் கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் வருகிறாரா?

செவ்வாய், பகல் 2:00 — வ., கோவை

வருகிறார், அக்கா. 12 நிமிடம்.

செவ்வாய், பகல் 2:40 — ந., சென்னை

அப்போது பாருங்கள். 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில். மற்றவர்களைவிட இரண்டு சுற்று முன்னால் ஓடி முடித்தவர் ஸ்காட். வெற்றிக் கொடியும் கோப்பையும் போனது பக் பேக்கருக்கு. கூட்டம் கலைந்த பிறகு, கணக்கில் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். கறுப்பர் ஒருவர் வென்றதைக் கூட்டத்தின் முன் அறிவிக்க மனமில்லை என்பதுதான் அவர் குடும்பத்தின் எண்ணம், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. கோப்பையின் நகல் வீட்டுக்கு வந்தது 2010-இல், நாஸ்காரே கோப்பை கொடுத்தது 2021-இல். ஸ்காட் 1990-இலேயே இறந்துவிட்டார். அந்த 12 நிமிடத்தில் ஒதுக்கினார்கள், ஒதுக்கிவைத்தார்கள் என்ற சொற்கள் உங்களுக்கு வேண்டும். பக்கத்துக் காட்சியிலேயே பந்தயத் தந்திரம் ஒன்றுக்கு ஒதுக்கம் என்றால் காது இரண்டையும் குழப்பும். அந்தச் சொல்லை அவருக்கு விட்டுவிடுங்கள்.

செவ்வாய், மாலை 6:30 — இ., சார்லட்

வால்பிடித்தல் என்று வைத்தால் என்ன? படம் அப்படியே கண்ணில் வருகிறதே.

செவ்வாய், மாலை 6:41 — ந., சென்னை

நம் ஊரில் வால்பிடிக்கிறவர்கள் கார் ஓட்டுவதில்லை, காரில் பின்சீட்டில் போகிறார்கள்.

புதன், காலை 7:15 — வ., கோவை

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன்: ஸ்டாக் கார். கடையில் விற்கிற வடிவத்திலேயே, மாற்றாமல் ஓட்டும் கார் என்று பொருள். சரக்குந்து என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார்.

புதன், காலை 7:50 — செ., நாகர்கோவில்

சரக்குந்து லாரி. மேலும் நாஸ்காரில் டிரக் தொடர் என்று தனியாக உண்டு. உங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் ஓட்டியது அதில்தான். அதை அப்புறம் என்னவென்று சொல்வீர்கள்?

புதன், காலை 9:10 — இ., சார்லட்

ஆனால் வரலாற்றுப்படி "சரக்கு வண்டி" பொய் இல்லை! 1949 ஜூன் 19, இதே சார்லட்டில் நாஸ்காரின் முதல் ஸ்டாக் கார் பந்தயம். முதலில் வந்தவர் கிளென் டனவே. காரைச் சோதித்தால் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது தெரிந்தது. சாராயப் பாரத்தில் பின்பக்கம் தொங்கிப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கடத்தல்காரர்கள் செய்யும் வேலை அது. வெற்றியைப் பறித்து ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். மாற்றாத கார் என்று பேர் வைத்து நடத்திய முதல் பந்தயத்திலேயே சரக்கு ஏற்றிய கார்.

புதன், காலை 9:30 — ந., சென்னை

சாதா தோசை மாதிரி சாதா கார் என்று வைத்துவிடலாம். நிஜமாகவே பொருள் அதுதான். வ., ஸ்டாக் கார் என்றே விடுங்கள்.

புதன், பகல் 11:00 — பு., தஞ்சாவூர்

இதற்குத்தான் அஞ்சினேன். ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் விடுவோம். இப்படியே போனால் ஆவணப்படத்தில் தமிழ் என்பது "என்று", "ஆனால்", "வணக்கம்" மட்டும்தான். ஸ்லிங்ஷாட் என்று ஒன்று சொல்கிறார்களே, பின்னால் ஒட்டி வந்து கடைசி நேரத்தில் விலகிப் பாய்ந்து முந்துவது, அதற்காவது கவண்வீச்சு என்று வையுங்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய கவண்.

புதன், பகல் 11:25 — செ., நாகர்கோவில்

அமெரிக்கர் சொல்வது ரப்பர் வைத்த கவட்டை, ஐயா. கவண் கயிற்றில் சுழற்றுவது. ஆனாலும் கவண்வீச்சு நன்றாக இருக்கிறது, என் வாக்கு அதற்கே.

புதன், இரவு 8:00 — வ., கோவை

கவண்வீச்சு எடுத்துக்கொண்டேன். டிராஃப்டிங்குக்கு இதுவரை: காற்றுமறைவு 4, டிராஃப்டிங் என்றே விடலாம் 2, அந்தாதியோட்டம் 1 (பு. ஐயா). குரல் கொடுப்பவரிடம் வாசிக்கச் சொன்னேன். அந்தாதியோட்டத்தில் இரண்டு முறை இடறினார். காற்றுமறைவில் ஓட்டினார், மறைவு பிடித்தார், மறைவிலிருந்து விலகினார் என்று வினையாகவும் வளைகிறது.

வியாழன், காலை 6:20 — பு., தஞ்சாவூர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். அந்தாதியைப் பதிவில் வைத்திருங்கள்.

வெள்ளி, மாலை 5:50 — வ., கோவை

அனுப்பிவிட்டேன். 37-இல் 35 இடங்களில் காற்றுமறைவு. மீதி இரண்டில், பின்னால் வந்தவரால் முன்னால் ஓடுகிறவருக்கு வேகம் கூடுவதைச் சொல்கிறார்கள். அங்கே எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. டிராஃப்டிங் என்றே விட்டேன். எல்லோருக்கும் நன்றி.

வெள்ளி, மாலை 6:02 — செ., நாகர்கோவில்

அந்த இரண்டு இடத்தைத்தான் நான் செவ்வாய்க்கிழமையே சொன்னேன்.