கட்டில் கம்பியைத் தட்டும் அக்கா

நாங்கள் தத்தெடுத்த பிள்ளைகள் எங்களிடம் வரும்போது மூத்தவளுக்கு வயது ஐந்து, சின்னவனுக்கு இரண்டரை. கூடப்பிறந்த அக்கா தம்பி. அவளுக்குப் பிறவியிலேயே இரண்டு பாதங்களும் உள்பக்கம் வளைந்திருந்தன. அவனுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது.

தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவில் பதிவு செய்தபோது எங்கள் மனசில் இருந்தது ஒரு கைக்குழந்தைதான். வீட்டையும் எங்களையும் பார்த்து அறிக்கை எழுதும் ஹோம் ஸ்டடிக்கு வந்த சமூகப் பணியாளர்தான் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். கைக்குழந்தைக்காக மூன்று வருஷத்துக்கும் மேலாகக் காத்திருப்பவர்கள் நிறைய. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும், பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கை, அக்கா தம்பிகளும் யாரும் கேட்காமலே வளர்ந்துவிடுகிறார்கள். இவர்களின் விவரத்தைப் பார்த்து, காத்திருக்காமல் நாமே முன்வரலாம் என்றார்.

மருத்துவ அறிக்கையை எங்கள் ஊர் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய் வரி வரியாகக் கேட்டோம். இதை எல்லோரும் கட்டாயம் செய்யுங்கள். காகிதத்தில் பயமுறுத்தும் சொல் நேரில் வேறு மாதிரி இருக்கும். மாமியார் மட்டும் "ஒண்ணு போதாதா?" என்று கேட்டார். போட்டோவைக் காட்டினேன். அதில் அக்கா தம்பியின் தாடையைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அத்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று ராத்திரியும் மூத்தவள் தூங்கவேயில்லை. பாயில் படுத்திருந்த தம்பியையே பார்த்துக்கொண்டு தரையைத் தட்டுவாள், அழுவாள். அவர்கள் முன்பு இருந்த இல்லத்துக்குப் போன் செய்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அங்கே இரும்புக் கட்டில். அவள் கம்பியைத் தட்டினால் அதிர்வு தெரிந்து அவன் திரும்புவான். அதுதான் அவள் அவனைக் கூப்பிடும் விதம். எங்கள் மொசைக் தரையில் எவ்வளவு தட்டியும் அவன் திரும்பவில்லை. மறுநாளே பழைய இரும்புக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டோம்.

அப்புறம் நான் ஒரு தப்பு செய்தேன். "தம்பியை இனிமே அம்மா பார்த்துக்கறேன், நீ போய் விளையாடு" என்றேன். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. அந்த வயதிலேயே அவளுக்கென்று இருந்த ஒரே பொறுப்பை ஒரு வாக்கியத்தில் பிடுங்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் "இவனை எப்படிக் கூப்பிடணும்னு எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டேன். முகத்துக்கு நேரே போக வேண்டும், பின்னாலிருந்து தொட்டால் பயந்துவிடுவான், சோறு என்றால் இப்படி, தண்ணி என்றால் இப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். எந்த மருத்துவ அறிக்கையிலும் இதெல்லாம் இல்லை.

அவனைத் தூங்க வைத்து, எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்து, இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தோம். அவன் முதலில் கவனித்தது தேங்காய் துருவும் சத்தத்தை. எழுந்து வந்து துருவியின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றான். காது வளர வளர, மெஷினைக் காதில் பொருத்தும் மோல்டு தளர்ந்து கீச்சென்று கத்தும், சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அளவெடுக்க வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் போனோம். அவனுக்குப் பதிலாக அக்கா பேசக் கூடாது என்றார்கள், அவளுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

மூத்தவளுக்குக் குழந்தையிலேயே பொன்செட்டி முறையில் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி பாதத்தை நேராக்கியிருந்தார்கள். ஆனால் அதற்குப் பின் நாலைந்து வயது வரை ராத்திரியில் போட வேண்டிய, நடுவில் கம்பி வைத்த ஷூவை யாரும் ஒழுங்காகப் போட்டுவிடவில்லை. பாதம் திரும்ப வளைந்துவிட்டது. மறுபடியும் மாவுக்கட்டு. வலியை விட, ஓடிப் போய் தம்பியைப் பிடிக்க முடியவில்லையே என்றுதான் அழுதாள்.

சட்டப்படி முதலில் வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில்தான் பிள்ளைகள் நம்மிடம் வருவார்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் தருகிறார். எங்களுக்கு அது சீக்கிரம் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழுக்குத்தான் ஒரு அலுவலகத்தில் ஏழு தடவை ஏறி இறங்கினோம். ஆணையின் நகல்களைக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நம்மிடம் வந்த நாளிலிருந்து இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வருவார்கள். கஷ்டம் இருந்தால் அவர்களிடம் மறைக்காதீர்கள். மூத்தவளுக்கு மனநல ஆலோசனை கிடைத்தது நாங்கள் வாய் திறந்து சொன்னதால்தான்.

போன வாரம் காலையில் சின்னவன் மெஷினைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில், கட்டில் கம்பியை அவன் தட்டி அக்காவை எழுப்பினான். அவள் எழவில்லை. தூங்குவது போலப் போர்வைக்குள் நடித்துக்கொண்டிருந்தாள்.