பழைய தார்: லைட் பார், லாக்கர், கம்ப்ரசர் சுவிட்சுகளைக் கைக்கு எட்டும்படி எங்கே வைப்பது?

சத்துவாச்சாரி தார்

வணக்கம். என்னுடையது மஹிந்திரா தார் ஜீப், சிஆர்டிஇ டீசல் மாடல், செகண்ட் ஹேண்ட். முந்தைய ஓனர் கூரையில் 120 வாட் லைட் பார், பம்பரில் இரண்டு ஃபாக் லைட், பின்னால் ஒரு ஒர்க் லைட், காற்றடிக்கிற கம்ப்ரசர், பின் ஆக்சிலில் ஏர் லாக்கர் (இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி காற்றழுத்தத்தில் பூட்டுவது) எல்லாம் போட்டு வைத்திருந்தார். சுவிட்ச் ஐந்தும் டாஷ்போர்டின் இடது பக்கம், க்ளவ் பாக்ஸுக்குக் கீழே ஒரே வரிசையில் இருக்கின்றன. பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் அவரிடம் சொல்லிப் போடலாம், தனியாகப் போனால் தொல்லைதான். பீஞ்சமந்தை பக்கம் ஏற்றத்தில் குனிந்து கை நீட்டினால் சீட் பெல்ட் லாக் ஆகிப் பிடித்துக்கொள்கிறது. ஐந்தும் ஒரே மாதிரி இருப்பதால் இருட்டில் எது எதுவென்று தெரிவதில்லை. லைட் பாரைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் அதன் சுவிட்ச் சூடாகவும் ஆகிறது.

மூன்று இடம் மனதில் இருக்கிறது: கண்ணாடிக்கு மேலே கூரையில், ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கதவோரம், அல்லது கியர் பக்கம். எது சரி?

காட்பாடி வயரிங்

இடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தச் சூட்டைப் பாருங்கள். 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சின்னப் பெட்டி) இல்லாமல் அந்தக் கரண்ட் முழுவதையும் சுவிட்ச் வழியாகவே விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சுவிட்சுக்குப் பின்னால் எவ்வளவு தடிமனான வயர் போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாலு கால் ரிலே ஒன்று போடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு எண் இருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக 30க்கு, 87லிருந்து லைட்டுக்கு. 86க்கு சுவிட்சிலிருந்து வருகிற வயர், 85 பாடி எர்த். ரிலேவுக்குள் இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) 0.2 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். அதனால் கேபினுக்குள் மெல்லிய வயர் போதும், சுவிட்சும் சூடாகாது. இன்னொரு வசதி, கனமான வயரை இழுக்க வேண்டாத காரணத்தால் சுவிட்சை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். சுவிட்ச் பக்கத்தில் ஃபியூஸைப் போட்டுவிட்டு நடுவில் வயர் உரசித் தீப்பிடித்தால் அந்த ஃபியூஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அணைக்கட்டு போலேரோ

இன்னா தம்பி, மூன்று இடம் சொல்லிவிட்டு உன் கை எங்கே இருக்கும் என்று சொல்லவே இல்லையே. மலையில் ஓட்டும்போது வலது கை ஸ்டியரிங்கை விடக் கூடாது. கல்லில் சக்கரம் ஏறி ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும்போது பிடித்திருப்பது அந்தக் கைதான். இடது கை எப்படியும் கியருக்கும் 4x4 லீவருக்கும் போய் வருகிற கை. அது போய் வருகிற வழியிலேயே சுவிட்ச் இருக்கட்டும். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், நடு டாஷ்போர்டில், கியர் குமிழுக்கு மேலே. கதவோரம் வேண்டவே வேண்டாம்.

யூட்யூபில் பார்த்துவிட்டுச் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம், கியருக்குப் போவது வலது கை. அவர்கள் வைத்த இடத்தை அப்படியே எடுத்து நம் வண்டியில் வைத்தால் தப்பான கைக்குப் போய்ச் சேரும்.

கூரை பார்க்க விமானம் மாதிரி ஜோராகத்தான் இருக்கும். குலுங்குகிற வண்டியில் கையைத் தூக்கி ஒரு சுவிட்சைக் குறிபார்த்துத் தட்டிப் பார். முழங்கைக்கு ஊன்ற இடம் கிடைக்காமல் பக்கத்து சுவிட்சைத் தட்டுவாய். அதோடு உன்னுடையது துணிக் கூரையா? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுகுகிற முதல் இடமே முன் கண்ணாடியின் மேல் ஓரம்தான்.

ஆரணி ஜிம்னி

அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பழைய தாரில் ஏர்பேக் இல்லை, அதனால் சுதந்திரம் அதிகம். புது வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு டிரில்லை எடுக்காதீர்கள். என் ஜிம்னியில் ஆறு ஏர்பேக், பக்கவாட்டுக் கர்ட்டன் உட்பட. முன் கண்ணாடித் தூணின் ஓரமாகவோ கூரை விளிம்பிலோ சுவிட்ச் பாக்ஸ் வைத்தால், ஏர்பேக் விரியும்போது அது நம் முகத்துக்குத்தான் பறந்து வரும். அந்தத் தூணுக்குள் வயர் இழுப்பதுகூட ஏர்பேக் எங்கே மடிந்திருக்கிறது என்று தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

சத்துவாச்சாரி தார்

துணிக் கூரைதான் அக்கா. கூரை யோசனையை விட்டுவிட்டேன். நடு டாஷ்போர்டில் ஐந்து சுவிட்சுக்கும் இடம் பற்றாது போலிருக்கிறதே. மியூசிக் சிஸ்டத்துக்குக் கீழே மூன்று வைக்கத்தான் தட்டையான இடம் இருக்கிறது.

அணைக்கட்டு போலேரோ

ஐந்தும் அங்கே எதற்கு? வண்டி ஓடும்போது தொடுகிறது எது, நிறுத்திவிட்டுத் தொடுகிறது எது என்று பிரி. லைட் பார், ஃபாக், லாக்கர் மூன்றும் ஓட்டத்தில் வேண்டும். டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரை இறங்கி நின்றுதானே போடுவாய்? அது எங்கே இருந்தால் என்ன.

காட்பாடி வயரிங்

அங்கேதான் சிக்கல். அவருடையது ஏர் லாக்கர். அந்தக் கம்ப்ரசரில் காற்று இருந்தால்தான் லாக்கர் பிடிக்கும். பெரும்பாலான வயரிங்கில் கம்ப்ரசர் சுவிட்ச் ஆனில் இல்லாவிட்டால் லாக்கர் சுவிட்சுக்கு சப்ளையே போகாது. ஆகவே கம்ப்ரசரும் ஓட்டத்தில் தேவைப்படுகிற சுவிட்ச்தான், லாக்கருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லைட் பார், கம்ப்ரசர், லாக்கர் மூன்றும் நடுவில் வரட்டும். ஃபாக் லைட் கம்பெனி சுவிட்ச் இருந்த இடத்துக்கே போகட்டும். ஒர்க் லைட் பழைய இடத்திலேயே கிடக்கட்டும், அல்லது ரிவர்ஸ் கியர் சிக்னலிலிருந்து ரிலேவுக்குக் கொடுத்தால் தானாகவே எரியும்.

லாக்கர் சுவிட்சுக்கு மட்டும் தூக்கிப் போடுகிற மூடி வையுங்கள். தார்ச்சாலையில் வளைவு திரும்பும்போது முழங்கால் பட்டு லாக்கர் ஆன் ஆகிவிட்டால் ஆக்சிலுக்கு ஆகாது, வண்டியும் திரும்ப மறுக்கும். ஏலகிரி மாதிரி 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

ஆரணி ஜிம்னி

துளை போடும் முன்னால் அட்டையில் செய்து பாருங்கள். ஷூ டப்பா அட்டை போதும். ராக்கர் சுவிட்ச் துளை பெரும்பாலும் 37க்கு 21 மில்லிமீட்டர், அந்த அளவில் வெட்டி ஒட்டிவிட்டுச் சில நாள் ஓட்டுங்கள். உட்கார்ந்து பெல்ட் போட்டு, பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து லாக் ஆக விடுங்கள். முதுகு சீட்டில் ஒட்டியபடியே விரல் நுனி எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் கியர் போட்ட நிலையிலும் பாருங்கள், குமிழ் முன்னால் தள்ளி நிற்கும்போது கீழ் சுவிட்சை மறைக்கும்.

டபுள் சைட் டேப்பை நம்பாதீர்கள். வேலூர் மே மாத வெயிலில் மூடி நிறுத்திய வண்டியில் அது இளகி, பேனல் தனியாகத் தொங்கும். ஸ்க்ரூதான்.

ஜவ்வாது வழி

நான் அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் போய் வருகிறவன். லைட் பார் சுவிட்ச், பார்க்காமல் அணைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, ஒற்றை வண்டிப் பாதையில் எதிரே பைக் வந்தால் அந்த வெளிச்சத்தில் அவருக்குக் கண்ணே தெரியாது, பக்கத்தில் பள்ளம் வேறு. இன்னொன்று, மலையில் காவலூரில் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கியால் ராத்திரியில் வானம் பார்க்கிற ஊரில் லைட் பாரைப் போட்டுக்கொண்டு சுற்றுவது அநியாயம். ஊருக்குள்ளும் ஹைவேயிலும் லைட் பாருக்கு மூடி போட்டுவிடுங்கள்.

இருட்டில் அடையாளம் காண ஒரு எளிய வழி: மூன்றில் லைட் பாரை ஓரத்தில் வைத்து, அதற்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். தடவினாலே தெரியும். நீல விளக்கு எரிகிற சுவிட்ச் வாங்காதீர்கள், ராத்திரி கண்ணாடியில் அது பிரதிபலித்து உயிரை எடுக்கும். மங்கலான சிவப்பு பரவாயில்லை.

சத்துவாச்சாரி தார்

நன்றி எல்லாருக்கும். பேனலைக் கழற்றிப் பார்த்தேன், காட்பாடி அண்ணன் சொன்ன மாதிரி லைட் பாருக்கு ரிலே இல்லை, தடி வயர் நேராக சுவிட்சுக்கே வருகிறது. கம்ப்ரசருக்கு மட்டும் ரிலே இருக்கிறது. அட்டையில் மூன்றும் சரியாக எட்டுகின்றன, நடுவில் இருப்பதை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும். கடைசியாக ஒன்று: ரிலே காயில் சப்ளையை பேட்டரியிலிருந்து எடுக்கவா, சாவி போட்டால் வருகிற லைனிலிருந்து எடுக்கவா? ஃபியூஸ் எவ்வளவு?

காட்பாடி வயரிங்

லைட் பார், லாக்கர், கம்ப்ரசர் மூன்றும் சாவி லைனில். மறந்து போட்டுவிட்டு இறங்கினாலும் பேட்டரி காலியாகாது. ஒர்க் லைட்டை மட்டும் நேரடி பேட்டரி லைனில் விடுங்கள், சாவி இல்லாமல் டயர் மாற்ற உதவும். லைட் பாருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். கம்ப்ரசருக்கு அதன் மேலேயே ஆம்பியர் எழுதியிருக்கும், அதற்கு அடுத்த அளவு ஃபியூஸ். 30 ஆம்பியர் இழுப்பது என்றால் 40 போட்டு, 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.