இங்கிலாந்தில் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம்: எங்கள் முதல் ஆறு வாரம்

போன வாரம் இங்கே ஒரு தங்கை கேட்டிருந்தார். "வந்து மூன்று வாரம் ஆகிறது. மகளுக்கு ஐந்தரை வயது. பக்கத்தில் எந்தப் பள்ளியிலும் இடமில்லை என்று கவுன்சில் (உள்ளாட்சி) சொல்லிவிட்டது. பேசாமல் நாமே வீட்டில் சொல்லிக்கொடுத்தால் என்ன? சட்டப்படி சரியா? எங்கே தொடங்குவது?" இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நவம்பரில் நாங்களும் அதே இடத்தில்தான் நின்றோம். மகனுக்கு அப்போது ஆறு வயது. இன்றும் வீட்டில்தான் படிக்கிறான்.

முதலில் சட்டம். எனக்கு முதல் பத்து நாள் தூக்கம் போனதே அதனால்தான். இங்கிலாந்தில் 1996 கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்வது இதுதான்: பிள்ளையின் வயதுக்கும் திறமைக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை. பள்ளிக்கு அனுப்பியும் செய்யலாம், வேறு வழியிலும் செய்யலாம். அந்த "வேறு வழி"யில்தான் நம் வண்டி ஓடுகிறது. ஆசிரியர் பட்டம் வேண்டாம். தேசியப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஒன்பது முதல் மூன்று வரை உட்கார வைக்கவும் வேண்டாம். ஆனால் அரசு இதற்குப் பணம் எதுவும் தராது. புத்தகம், வகுப்பு எல்லாம் நம் கைக்காசு.

நாலு வயதில் ரிசெப்ஷன் என்ற தொடக்க வகுப்பில் சேர்க்கிறார்களே, அது கட்டாயமில்லை. ஐந்தாவது பிறந்தநாளுக்கு அடுத்து வரும் டெர்ம் தொடங்கும்போதுதான் கட்டாயக் கல்வி வயது ஆரம்பிக்கிறது. ஏற்கெனவே பள்ளியில் சேர்த்துவிட்டு எடுப்பதாக இருந்தால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். பெயரை நீக்கி கவுன்சிலுக்குச் சொல்வது பள்ளியின் வேலை. சிறப்புப் பள்ளி என்றால் மட்டும் கவுன்சிலின் சம்மதம் முதலில் வேண்டும். பள்ளியில் சேராத பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு கொண்டுவரும் மசோதா 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதனால் இரண்டு வருடத்துக்கு முன் நான் செய்ததை அப்படியே செய்யாமல், தொடங்கும் நாளில் உங்கள் கவுன்சிலின் தளத்தை ஒருமுறை பாருங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளியிலிருந்து எடுக்கக் கவுன்சிலின் சம்மதம் தேவை. ஜெர்மனியிலிருந்து இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து இதை வைத்துத் தொடங்கிவிடாதீர்கள். அங்கே பிள்ளை பள்ளிக்குப் போயே ஆகவேண்டும்.

தங்கை, உங்கள் கேள்வியில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது வீட்டுக்கல்வியா, பள்ளியா? பள்ளிதான் என்றால், இடம் கிடைக்கும்வரை வீட்டில் பார்த்துக்கொள்கிறோம், இடம் இன்னும் வேண்டும் என்று கவுன்சிலுக்குத் தெளிவாக மின்னஞ்சல் எழுதுங்கள். "வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் உங்களுக்கு அவசரமில்லை என்று நினைத்துவிடுவார்கள். நடு ஆண்டில் விண்ணப்பித்தால் 15 பள்ளி நாட்களுக்குள் முடிவை எழுத்தில் சொல்ல வேண்டும். இடமில்லை என்றால் மேல்முறையீடு உண்டு. ஆனால் ரிசெப்ஷன், முதல் இரண்டு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற வரம்பு சட்டத்திலேயே இருப்பதால் அந்த வகுப்புகளுக்கு மேல்முறையீட்டில் ஜெயிப்பது கடினம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கட்டும். விசாவில் "பொது நிதி கிடையாது" (அரசு உதவித்தொகை வாங்க முடியாது) என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கே விண்ணப்பிக்காமல் இருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அரசுப் பள்ளி அந்தக் கணக்கில் வராது. பயப்பட வேண்டாம்.

சரி, வீட்டுக்கல்விதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். நாலு நிறப் பேனாவில் கால அட்டவணை போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஆறு பீரியட், நடுவில் இண்டர்வெல், மணி அடிக்கக் கைபேசியில் அலாரம். திங்கள் நன்றாகப் போனது. செவ்வாய் இழுபறி. புதன்கிழமை காலை அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாசல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா என்றேன். "மிஸ் எப்ப வருவாங்க?" இரண்டு நாளாக நான் ஏதோ ஒத்திகை பார்க்கிறேன், நிஜ டீச்சர் இனிமேல்தான் வருவார் என்று நினைத்திருக்கிறான். நான்தான் மிஸ் என்றேன். "நீங்க அம்மா," என்று திருத்தினான். அன்று மாலையே அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

வகுப்பில் முப்பது பிள்ளைகள் கோட்டைக் கழற்றி மாட்ட, வரிசையில் நிற்க, புத்தகம் எடுக்க, அடங்க எவ்வளவு நேரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரே பிள்ளை, பக்கத்திலேயே நீங்கள். இந்த வயதுக்கு உட்கார்ந்து படிப்பது ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதையும் இருபது நிமிடத் துண்டுகளாக உடையுங்கள். அதற்கு மேல் இழுத்தால் இரண்டு பேருக்கும் கோபம்தான் மிச்சம். இன்னொன்று: நாடு மாறி, வீடு மாறி, தோழர்கள் போய், தாத்தா பாட்டி போய் வந்திருக்கும் பிள்ளை. முதல் இரண்டு வாரம் பாடமே நடக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. நாங்கள் அந்த நாட்களில் மாடிப் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய் வந்தோம். எண், திசை, இடப்பெயர், பணிவாக நன்றி சொல்வது எல்லாம் அதிலேயே வந்தது.

இப்போது நான் அதிகம் தடுமாறிய இடம்: ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது. நாம் படித்தது எழுத்தின் பெயரைச் சொல்லி எழுத்துக்கூட்டும் முறை. "பி, ஐ, என், பின்." இங்கே பள்ளிகளில் ஃபோனிக்ஸ்தான். எழுத்தின் பெயர் முக்கியமில்லை, அதன் ஒலிதான் முக்கியம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஆனால் ஒலிகள் ஏறக்குறைய 44. பல பள்ளிகள் தொடங்குவது எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்தின் ஒலிகளோடு; ஏனென்றால் இந்த ஆறை வைத்தே பின், டின், டிப், சிட் என்று உடனே சொற்கள் கூட்டிவிடலாம். நம்மூர் வழக்கப்படி பெரிய எழுத்தில் ஏபிசிடி தொடங்காதீர்கள். சிறிய எழுத்துதான் முதலில். புத்தகத்தில் கண்ணில் படுவதெல்லாம் அதுதானே.

நான் செய்த தப்பு, ஒலியைச் சொல்கிறேன் என்று "பஅ, டஅ, நஅ" என்று ஒரு அகரத்தை இழுத்துச் சொன்னது. பையன் "பஅ இ நஅ" என்று கூட்டினான். அதில் எப்படி "பின்" வரும்? ஒரு வாரம் மல்லுக்கட்டினோம். அப்புறம் ஒரு நாள் அவனுக்குத் தமிழ் எழுத்து எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. அகரம் ஒட்டாத தனி ஒலிக்கு நம்மிடம் புள்ளி இருக்கிறதே! ப், ட், ந். மெய்யெழுத்து என்பதே அதுதான். ப் என்ற மெய்யும் இ என்ற உயிரும் சேர்ந்தால் பி; கடைசியில் ன் வந்தால் பின். இங்கே டீச்சர்கள் மாதக்கணக்கில் பழக்கும் கூட்டல் வித்தை நம் உயிர்மெய் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. அன்றிலிருந்து ஆங்கில எழுத்து அட்டை ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தோம். "புள்ளி வச்சுச் சொல்லு" என்றால் போதும், சரியாக வந்துவிடும். தமிழும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை குழம்பும் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு, அது வேறு. "பல்" என்ற சொல்லில் வரும் ப வேறு ஒலி, "அன்பு" என்ற சொல்லில் வரும் பு வேறு ஒலி. எழுத்து நமக்கு ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்து. க, ட, த எல்லாவற்றுக்கும் இதே கதை. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லின் தொடக்கத்தில் ஒன்றுக்குக் கையில் காற்று அடிக்கும், மற்றதற்கு அப்படி அடிக்காது. என் மகனுக்கு இது விளையாட்டாகிவிட்டது. எனக்குத்தான், உண்மையைச் சொன்னால், இன்னும் சில சொற்களில் தடுமாற்றம். அவன் திருத்துகிறான்.

எங்கே நிற்கிறான் என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. பள்ளிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் ஒரு ஃபோனிக்ஸ் சோதனை நடக்கும். வாய்விட்டு வாசிக்க மொத்தம் 40 சொற்கள், பாதி நிஜச் சொல், பாதி பொய்ச்சொல். பொய்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் இருக்கும், அது அந்த ஜந்துவின் பெயராம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் அதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பழைய தாள்கள் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் சோதனை என்று சொல்லாமல் "இந்த ஜந்து பேர் என்ன?" என்று கேட்பேன்.

கணக்கைத் தமிழில் தொடங்கினேன். இதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ளே பத்து இருப்பது காதில் விழாது. பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை பத்து பின்னால் வரும். தமிழில் பத்து முன்னால் வந்து நிற்கும், பிள்ளைக்குப் பத்தும் மூன்றும் கண்ணுக்கே தெரியும். தொண்ணூறில் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். என் மகன் எண்பதுக்கு அப்புறம் "ஒன்பதுபது" என்றான். அவன் கணக்கு சரி, மொழிதான் தப்பு. நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

தமிழ் எழுத்தை அவசரப்படுத்தவில்லை. பெரும்பாலும் நேர்கோட்டிலேயே எழுத வரும் ட, ப, ம மட்டும் முதலில். புள்ளி ஏற்கெனவே தெரியும் என்பதால் படம், மடம், பட்டம் எல்லாம் அந்த மூன்றிலேயே வந்துவிட்டன. பேச்சுத் தமிழுக்குப் பாட்டி. இங்கே குளிர்காலத்தில் காலை பத்து மணி என்றால் ஊரில் மதியம் மூன்றரை. என் அம்மா தூங்கி எழுந்து சும்மா இருக்கும் நேரம். தினமும் அரை மணி வீடியோவில் கதை. அந்த அரை மணி எனக்கு இடைவேளை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் "பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாம என்னடி பண்றே" என்று தினமும் ஒரு அர்ச்சனை நடக்கும். கதை சொல்லும் பொறுப்பு வந்தபிறகு அது நின்றது.

தனிமைதான் நிஜமான பிரச்சினை, படிப்பு அல்ல. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், வெளியே போவதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளி விடும் மூன்றேகால் மணிக்குப் பூங்காவில் இருங்கள். இருட்டுவதற்கு முன் அரை மணி கிடைத்தாலும் போதும், பிள்ளைகள் அப்போதுதான் வருவார்கள். நூலக அட்டை பிள்ளைகளுக்கு இலவசம். நாங்கள் வாரம் ஆறு புத்தகம் எடுத்தோம், மூன்று அவன் தேர்வு, மூன்று என் தேர்வு. லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் பொது நுழைவுக்குக் கட்டணம் கேட்பதில்லை. பாடக் காணொளிக்கு ஓக் நேஷனல் அகாடமி, பிபிசி பைட்சைஸ் இரண்டும் இலவசம். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். நான் ஏழு தளத்தில் கணக்கு தொடங்கி ஏழின் கடவுச்சொல்லையும் தொலைத்தேன்.

பகலில் பிள்ளையோடு கடைக்குப் போனால் "இன்றைக்குப் பள்ளி இல்லையா?" என்று யாராவது கேட்பார்கள். முதலில் திருட்டு முழி முழித்தேன். "வீட்டில் படிக்கிறான்" என்று சிரித்துச் சொன்னால் அத்தோடு முடிந்தது.

நாலாவது வாரம் கவுன்சிலிலிருந்து மின்னஞ்சல் வந்தது: என்ன கல்வி கொடுக்கிறீர்கள், எழுதி அனுப்ப முடியுமா? எனக்குக் கை நடுங்கியது, விசாவே போய்விடும் என்று அழுதேன். கணவர்தான் நிதானமாக, "நீ எழுதின நோட்டை எடு" என்றார். முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு மூன்று வரி எழுதி வந்திருந்தேன்: என்ன வாசித்தான், எங்கே போனோம், என்ன வரவில்லை. அதிலிருந்து இரண்டு பக்கம் எழுதி, அவன் எழுதிய தாள்கள் நாலைப் படம் எடுத்து அனுப்பினோம். நன்றி என்று ஒரு வரி பதில் வந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்று கேட்டால் கட்டாயம் சம்மதிக்க வேண்டும் என்றில்லை, எழுத்தில் விவரம் தரலாம். ஆனால் பதிலே போடாமல் இருக்காதீர்கள். கல்வி நடக்கவில்லை என்று அவர்களுக்குத் தோன்றினால் முறைப்படி நோட்டீஸ் அனுப்பவும், கடைசியில் பள்ளிக்கு அனுப்பு என்று உத்தரவு போடவும் அதிகாரம் உண்டு.

தங்கை, இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கித் தேதி போட்டுவிடுங்கள். மகளுக்கு எந்த எழுத்துவரை தெரியும், தமிழ் எழுத்து ஆரம்பித்தாயிற்றா என்று இங்கேயே எழுதுங்கள். என் பையனுடைய புள்ளி வைத்த அட்டைகள் அலமாரியில் சும்மாதான் கிடக்கின்றன, படம் எடுத்துப் போடுகிறேன்.